தாயின் நிறையை யார் பார்ப்பது?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி நடைபெற்ற மகளிர் நலக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



எமது கல்லூரி நூறு ஆண்டைத் தொட்டிருக்கும் வேளையில் அதன் பெருமைகளைப் பேசப் பலர் இருக்கிறார்கள். சங்கத்தார் எம்மிடம் கேட்டது மகளிர் நலம் பற்றிய ஓர் உரை. மகளிர் நலம் என்பது பெரிய கடல். அதில் ஒரே ஒரு விடயத்தை இன்று எடுத்துக்கொள்வோம்: பிள்ளைப்பேற்றின் பின் எம் உடம்பில் தங்கிவிடுகின்ற நிறை. "இது வடிவு பற்றிய கதைதானே, இதற்கு ஒரு மேடையா?" என்று சிலர் நினைக்கக்கூடும். வடிவைப் பற்றிப் பேச நாம் இங்கே வரவில்லை. அந்த நிறை பத்து, பதினைந்து ஆண்டுகளின் பின் எம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதே எமது கவலை.

பிள்ளை பிறந்ததும் எல்லோரும் பிள்ளையை நிறுக்கிறோம். வைத்தியசாலையில் நிறுக்கிறோம், பிறகு மாதாமாதம் கிளினிக்கில் நிறுத்து, சுகாதாரப் பதிவேட்டின் வரைபடத்தில் புள்ளி இடுகிறோம். நூறு கிராம் குறைந்தாலும் வீடு முழுவதும் பதறுகிறது. அது சரியான பதற்றம்தான். ஆனால் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய், கர்ப்ப காலத்தில் ஒவ்வொரு கிளினிக்கிலும் தராசில் ஏறியவள். பிள்ளை பிறந்து ஆறு கிழமை கழிந்தால் அவளை யாரும் தராசில் ஏறச் சொல்வதில்லை. அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கிய பிறகுதான் மீண்டும் ஏறுகிறாள்.

இதனால் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்காகப் பார்ப்போம். 155 சென்ரிமீற்றர் உயரமான ஒரு பெண், திருமணத்தின்போது 55 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உயரத்துக்கு ஏற்ற நிறையைக் காட்டும் உடற்திணிவுச் சுட்டி அவளுக்கு ஏறத்தாழ 23. முதற்பிள்ளையின் பின் 6 கிலோ இறங்காமல் நின்றுவிடுகிறது. 61 கிலோவுடன் இரண்டாவது கர்ப்பத்தைத் தொடங்குகிறாள். அதன் பின் இன்னும் 6 கிலோ நிற்கிறது. இப்போது 67 கிலோ. சுட்டி 28ஐ நெருங்கிவிட்டது. ஆசிய மக்களுக்கு 23க்கு மேல் ஆபத்துக் கூடத் தொடங்குகிறது என்றும், 27.5க்கு மேல் அது மிகவும் கூடுகிறது என்றும் கொள்கிறோம். முப்பது வயதைத் தாண்டும் முன்பே, எந்த வருத்தமும் இல்லாமல், யாரும் கவனிக்காமல், இரண்டு படிகளையும் அவள் கடந்துவிடுகிறாள். நாற்பதில் நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், முழங்கால் நோவு என்று அவள் எம்மிடம் வரும்போது, "எப்ப இருந்து அம்மா நிறை கூடினது?" என்று கேட்டால், "இரண்டாவது பிள்ளையோட வந்தது, பிறகு போகேல்லை" என்பதே வழக்கமான பதில்.

இந்த நிறை எங்கிருந்து வருகிறது? கர்ப்ப காலத்தில் 12 கிலோ கூடிய ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். அதில் பிள்ளை ஏறத்தாழ 3 கிலோ. இளங்கொடி அரைக் கிலோவுக்குச் சற்று மேல். பன்னீர்க்குடத்து நீர் ஒரு கிலோ அளவு. பெருத்த கருப்பை ஒரு கிலோ, மார்பகங்கள் அரைக் கிலோ, கூடிய இரத்தமும் உடல் நீரும் சேர்ந்து 3 கிலோ அளவு. மீதி 3 கிலோ வரை கொழுப்பு. பேறு முடிந்தவுடன் 5 கிலோ அளவு இறங்கிவிடும். கருப்பை ஆறு கிழமையில் தன் பழைய அளவுக்குச் சுருங்கும். மேலதிக நீர் முதல் சில கிழமைகளில் சிறுநீராகவும் வியர்வையாகவும் போய்விடும். எஞ்சுவது கொழுப்பு. பாலூட்டுவதற்கென்று உடம்பு சேர்த்து வைத்த சேமிப்பு அது. இந்தச் சேமிப்பு மெல்ல மெல்லச் செலவாக வேண்டும். அது செலவாகாமல் போவதற்கும், அதற்கு மேல் கொழுப்புச் சேர்வதற்கும் காரணம் பெரும்பாலும் பேற்றின் பின் நாம் உண்ணும் விதமும் இருக்கும் விதமுமே.

எமது ஊரிலே பிள்ளை பெற்றவளுக்கு 31 நாள் பராமரிப்பு உண்டு. வேப்பிலை போட்ட வெந்நீர், மிளகும் மல்லியும் மஞ்சளும் உள்ளியும் சேர்த்த சரக்குக் கறி, பால்சுறா, முருங்கையிலை. படித்துவிட்டோம் என்பதற்காக இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்க வேண்டியதில்லை. சரக்குக் கறியில் நல்ல மீன் இருக்கிறது. எண்ணெயும் தேங்காய்ப்பாலும் குறைவு. பால்சுறா நல்ல புரதம். முருங்கையிலையில் இரும்பும் கல்சியமும் உண்டு. எல்லாவற்றிலும் மேலாக, அந்த 31 நாளும் அவளைச் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். அம்மம்மாமார் எமக்குத் தந்த நல்ல சொத்து அது.

ஆனால் அந்தப் பத்தியத்தோடு சேர்ந்து வருகிற மூன்று பழக்கங்களை நாம் விட வேண்டும். ஒன்று, "தண்ணி குடிச்சால் வயிறு வைக்கும்" என்று நீரைக் குறைப்பது. பாலூட்டும் தாய் தாகம் தீரக் குடிக்க வேண்டும். நீரால் வயிறு வைப்பதில்லை. இரண்டு, காயும் பழமும் குளிர்ச்சி என்று நிறுத்திவிட்டுச் சோற்றையும் கறியையும் மட்டும் கொடுப்பது. மூன்று, துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டினால் வயிறு வற்றும் என்ற நம்பிக்கை. சிசேரியன் செய்தவர்களுக்கு இலேசான ஒரு கட்டு எழும்பி நடக்க ஆறுதலாக இருக்கலாம். கொழுப்பைக் கட்டு கரைக்காது. இறுக்கிக் கட்டினால் கீழே இடுப்புத் தளத் தசைகளுக்குத்தான் பாரம்.

உண்மையான சிக்கல் 31ஆம் நாளின் பின் தொடங்குகிறது. துடக்குக் கழித்ததும் பத்தியம் முடிந்துவிடும். பார்க்க வருபவர்கள் மோல்ட் மா, பிஸ்கட், கேக் என்று கொண்டுவந்து குவிப்பார்கள். "பால் ஊற வேணும், ரெண்டு பேருக்குச் சாப்பிடு பிள்ளை" என்பார்கள். இரவு மூன்று முறை எழும்புகிற தாய்க்குக் கையில் உடனே கிடைப்பது பிஸ்கட்டும் சீனி போட்ட தேநீரும்தான். பால் ஊறுவதற்கு முதற்காரணம் மோல்ட் மா அல்ல. பிள்ளை அடிக்கடி சரியாக உறிஞ்சுவதுதான். முழுமையாகத் தாய்ப்பால் ஊட்டும் ஒரு தாய்க்கு நாளொன்றுக்கு மேலதிகமாகத் தேவைப்படுவது ஏறத்தாழ 500 கலோரி. அது இன்னோர் ஆளின் சாப்பாடு அல்ல. ஓர் அவித்த முட்டை, ஒரு சிறு கிண்ணம் அவித்த கடலை, ஒரு கப் தயிர், ஒரு வாழைப்பழம்: இவ்வளவும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அந்தத் தேவை நிறைவேறிவிடும்.

இனி ஒரு சாதாரண நாளின் தேநீரைக் கணக்கிடுவோம். ஐந்து முறை குடிக்கிறோம். ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி. மொத்தம் 15 தேக்கரண்டி. ஏறத்தாழ 300 கலோரி. பால்மாவும் பிஸ்கட்டும் இந்தக் கணக்கில் இல்லை. வேறு எதையும் மாற்ற முடியாத தாய்க்கு நாம் முதலில் சொல்வது இதைத்தான்: சீனியைக் கிழமைக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஆறு கிழமையில் நாக்குப் பழகிவிடும்.

எமது காலைச் சாப்பாட்டையும் பாருங்கள். பிட்டும் சம்பலும், இடியப்பமும் சொதியும், பாணும் சம்பலும். எல்லாம் மாவும் தேங்காயும். புரதத்தைக் காணவில்லை. பதினொரு மணிக்கே பசிக்கும். மீண்டும் பிஸ்கட்டுக்குக் கை போகும். பிட்டை அரைவாசியாக்கி, அந்த இடத்தில் ஒரு முட்டையோ, பயறோ, மீன் துண்டோ, ஒரு கை வல்லாரைச் சம்பலோ வையுங்கள். மதியக் கோப்பையில் பாதி கீரையும் காய்கறியும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு அல்லது இறைச்சி. இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்கு வேண்டாம்; ஏழரைக்குள் முடியட்டும். குரக்கன் மாவும் சிவப்பரிசி மாவும் நார்ச்சத்து உள்ளவை, நல்லவைதான். ஆனால் குரக்கன் பிட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அதிலும் மாப்பொருள் உண்டு, அதற்கும் அளவு உண்டு.

சாப்பாட்டை விடுவது எந்த நாளும் வழியாகாது. பட்டினி கிடந்தால் தாய் களைத்துப்போவாள். மாலையில் இரண்டு மடங்கு சாப்பிடுவாள். பாலூட்டும் தாய் கிழமைக்கு அரைக் கிலோ வீதம் குறைவது பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிப்பதில்லை. அதற்கு மேல் வேகம் வேண்டாம். ஒன்பது மாதத்தில் ஏறிய நிறை இறங்குவதற்கும் ஒன்பது மாதம், ஒரு வருடம் கொடுப்போம். மெலியவைக்கும் பவுடர், குளிசை, ஊசி ஆகியவை பாலூட்டும் காலத்துக்கு உரியவை அல்ல. அதேவேளை, கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளை "உடம்பு வைக்கும்" என்று நினைத்து நிறுத்த வேண்டாம். அவற்றால் உடம்பு வைப்பதில்லை.

உடற்பயிற்சிக்கு வருவோம். சுகப்பேறு என்றால், உடல் இடம் கொடுக்கும்போது சில நாட்களிலேயே வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் மெல்ல நடக்கலாம். சிசேரியன் என்றாலும் படுத்தே கிடக்கக் கூடாது, நடப்பது நல்லது. ஆனால் ஆறு கிழமை வரை கிணற்றில் தண்ணீர் இழுப்பது, நிறைந்த வாளி தூக்குவது போன்ற பாரமான வேலைகள் வேண்டாம். முதல் நாட்களிலிருந்தே செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு; அதைப் பற்றிப் பேச நாம் வெட்கப்படுகிறோம். சிறுநீரை அடக்குவது போல இடுப்புத் தளத் தசைகளை உள்ளிழுத்து, ஐந்து விநாடி பிடித்து, பின் விடுவது. நாளுக்கு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் எட்டுப் பத்து முறை. தும்மினால், இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்பதைப் பல தாய்மார் ஆண்டுக்கணக்காக வெளியில் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். அதனாலேயே நடக்கவும் ஓடவும் பின்னிற்கிறார்கள். இது வைத்தியம் உள்ள பிரச்சினை. வாய் திறந்து சொல்லுங்கள்.

ஆறு கிழமையின் பின், மருத்துவர் பார்த்துச் சரி என்றதும், கிழமைக்கு 150 நிமிடம் வேக நடை என்பதை இலக்காக வைத்துக்கொள்வோம். ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். அதுவும் முடியாவிட்டால் பத்து நிமிடமாக மூன்று தரம். பேசமுடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவு வேகம் போதும். கதிரையில் இருந்து எழும்பி இருக்கும் பயிற்சி, சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சி இரண்டையும் கிழமைக்கு இரண்டு நாள் சேர்த்தால் தசைகள் வலுப்பெறும். நிமிர்ந்து படுத்துத் தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தால், வயிற்றுப் பயிற்சிகளை நீங்களாகத் தொடங்காமல் இயன்மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். கெண்டைக்காலில் ஒரு பக்கம் வீக்கமும் நோவும், மூச்சுத் திணறல், நெஞ்சு நோவு, கூடுதலான இரத்தப்போக்கு, காய்ச்சல் என்பன வந்தால் உடனே வைத்தியசாலைக்கு வர வேண்டும்.

ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரை மணி நேர நடையில் செலவாவது ஏறத்தாழ 100 கலோரி மட்டுமே. நடந்து முடித்து இரண்டு பணிஸ் சாப்பிட்டால் கணக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். நிறையைக் குறைப்பதில் சாப்பாட்டுக்கே பெரும்பங்கு. ஆனால் நடைக்கு வேறு பயன்கள் உண்டு. இரத்தத்தில் உள்ள சீனியைத் தசை எடுத்துக்கொள்கிறது; இறங்கிய நிறை மீண்டும் ஏறாமல் இருக்க உதவுகிறது; நித்திரை வருகிறது; மனம் இலேசாகிறது. பேற்றின் பின் தொடர்ந்து அழுகை, எதிலும் பிடிப்பின்மை, பிள்ளையைப் பார்க்கவே மனமின்மை இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தாங்க முடியாத களைப்புக்குத் தைரொயிட் சுரப்பியோ இரத்தச்சோகையோ காரணமாகலாம். அவளைச் "சோம்பேறி" என்று சொல்வதற்கு முன் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

இந்த உரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பதானால், இதை வைத்திருங்கள். கர்ப்ப காலத்தில் சீனி வருத்தம் வந்த தாய்க்கு, பிள்ளை பிறந்ததும் சீனி பெரும்பாலும் சாதாரண அளவுக்கு வந்துவிடும். "சுகமாயிட்டுது" என்று எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஆனால் அது வராத தாயோடு ஒப்பிட்டால், பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் ஆபத்து இவளுக்கு ஏழு முதல் பத்து மடங்கு. பேற்றின் பின் 6 முதல் 12 கிழமைக்குள் 75 கிராம் குளுக்கோசு குடித்துச் செய்யும் பரிசோதனையை அவள் செய்ய வேண்டும். அது சரியாக இருந்தாலும் ஆண்டுக்கொரு தரம் சீனி பார்க்க வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் திகதியை நாம் மறப்பதில்லை. அதே நாட்காட்டியில் இந்தத் திகதியையும் எழுதி வையுங்கள். நிறை குறைப்பதன் மிகப்பெரிய பலன் இந்தத் தாய்மாருக்கே. 35 வயதானதும் சுகவனிதையர் கிளினிக்குக்கும் போக வேண்டும்.

எல்லாத் தாய்மாருக்கும் நிறை குறைக்கச் சொல்ல வரவில்லை. உடற்திணிவுச் சுட்டி 18.5க்குக் கீழே இருக்கும் தாய்மாரும் எமது மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நிறை கூட வேண்டும். வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம், அதுதான் எங்கள் மிட்வைஃப் அக்காவிடம், "என்னையும் ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ" என்று கேளுங்கள். இடுப்பைச் சுற்றி ஒரு நாடாவால் அளந்தும் பார்க்கலாம். பேறு முடிந்து ஆறு மாதம் கழித்தும் 80 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் கவனம் தேவை.

இப்போது மூத்த அக்காமாருக்கும் மாமிமாருக்கும் ஒரு வேண்டுகோள். நாம் சொன்ன அரை மணி நேரம் ஒரு தாய்க்கு எங்கிருந்து வரும்? பிள்ளையை யாராவது வாங்கிக்கொண்டால்தான் வரும். அரச ஊழியருக்கு மகப்பேற்று விடுமுறை 84 வேலை நாட்கள். அது முடிந்ததும் காலையில் சமையல், பகலில் வேலை, மாலையில் பிள்ளை, இரவில் பால் என்று அவள் ஓடுகிறாள். அவளிடம் "நடக்கப் போ" என்று சொல்வது சுலபம். "தா பிள்ளையை, நீ போய் நடந்திட்டு வா" என்று சொல்வதுதான் உதவி. கணவன்மாருக்கும் இதே செய்திதான். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வந்திருக்கும் தங்கைமார், அங்கே அம்மாவும் இல்லை, மாமியும் இல்லை, பனிக்காலத்தில் வெளியே இறங்கவும் முடியாது என்கிறீர்கள். அங்கே கணவன்தான் முழு உறவும். அந்த அரை மணி நேரத்தை அவரிடம் உரிமையோடு கேளுங்கள்.

இன்னொன்று. கலியாண வீட்டிலும் கோயிலிலும் இளந்தாயைக் கண்டதும் "என்ன பிள்ளை, நல்லா உடம்பு வைச்சிட்டாய்" என்று சொல்லும் பழக்கத்தை இந்த நூற்றாண்டோடு விட்டுவிடுவோம். அந்த ஒரு சொல்லால் யாரும் மெலிந்ததில்லை. வீட்டுக்குள் முடங்கியவர்கள் உண்டு.

இறுதியாக, சங்கத்திடம் ஒரு கோரிக்கை. எமது ஒழுங்கைகளில் ஒரு பெண் மாலையில் தனியே வேகமாக நடந்தால், வாசலுக்கு வாசல் "எங்க போறாய்?" என்று கேட்பார்கள். நாய்கள் ஒரு பக்கம், மோட்டார் சைக்கிள்கள் ஒரு பக்கம். ஆனால் எமக்கு ஒரு மைதானம் இருக்கிறது. வலைப்பந்து ஆடியது, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடியது, பிந்தி வந்ததற்காகச் சுற்றி ஓடியது எல்லாம் அந்த மைதானத்தில்தான். மதிலும் கேற்றும் உள்ள பாதுகாப்பான இடம். கல்லூரி நிர்வாகத்தின் அனுமதியோடு, கிழமைக்கு மூன்று மாலைகள், 5 மணி முதல் 6 மணி வரை அதைத் தாய்மாருக்காகத் திறந்து வைக்க முடியுமா? ஓய்வுபெற்ற அக்காமார் இரண்டு பேர் மர நிழலில் பாய் விரித்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு தராசு, ஓர் அளவு நாடா, ஒரு கொப்பி. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையுடன் பேசி, மாதம் ஒரு தரம் குருதி அமுக்கமும் சீனியும் பார்க்கும் ஒழுங்கை மருத்துவர்களாக இருக்கும் பழைய மாணவிகள் நாம் பொறுப்பேற்கிறோம்.

நூற்றாண்டு நினைவாகக் கட்டடமும் வளைவும் எழும்பட்டும், அவையும் வேண்டும். அவற்றோடு இந்த மாலை ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவில்லாத திட்டம் இது. வருகிற மாதமே தொடங்கலாம். பெயர் பதிவதற்கான தாள் வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது பதிந்துவிட்டுப் போங்கள். பிள்ளை பார்க்க வரக்கூடிய அக்காமாரும் பதியுங்கள்.